வாரோம்னு சொல்லிட்டு வந்தேன்

பேய், முனி, காத்துக்கருப்பு, இதையெல்லாம் நான் நம்புற ஆளு கெடையாது அண்ணாச்சி. மொதல்லயே சொல்லிக்கிறேன், பெறகு இவன் ஒரு பயந்தாங்கொள்ளின்னு நெனச்சிரக் கூடாது. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு சுடுகாட்டு வழியா எத்தனையோ நாளு சைக்கிள்ல வந்திருக்கேன். எங்க தறிச் செட்டுல ஒருத்தன் புளியமரத்துல வெள்ளச்சேல கட்டுன பொம்பளையப் பாத்தேன்னு காய்ச்சல்ல கெடந்தான், மறுநாள் நான் போய்ப் பாத்தா யாரோ உரச்சாக்கு காயப்போட்டிருக்காங்க, அந்தச் சாக்க எடுத்துட்டுப் போய் அவன் கட்டில்ல போட்டுட்டு வந்தேன். அப்படி ஆளு நான்.

அப்பேர்ப்பட்ட ஆளு ஏன் ஒங்க வீட்டுப் பால்காய்ப்புல வயிறு நெறயச் சாப்பிட்டுட்டு, "சரி, போறேன்"னு எந்திரிச்சேன்? ஒங்க வீட்டம்மா மொகம் சுண்டிப்போச்சு, நான் பாத்தேன். நல்ல வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லணும், எழவு வீட்டுலதான் சொல்லாமக் கொள்ளாமப் போகணும், எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரி பதிமூணு வருசமா இதுக்குத் திட்டுறா. இன்னைக்கு ஒங்களுக்கு மட்டும் சொல்றேன். நம்புனா நம்புங்க, நம்பாட்டி டீயக் குடிச்சிட்டு எந்திரிங்க, எனக்கு வருத்தமில்ல.

அப்ப நான் ஓடிக்கிட்டிருந்த காலம். வேலைக்காக இல்ல, போலீஸு செலக்சனுக்கு இல்ல, சும்மா. தறியில நின்னு நின்னு காலு மரத்துப் போகும், விடிகாலைல எந்திரிச்சு ஓடுனா ஒடம்பு எனக்கே எனக்குன்னு ஆன மாதிரி இருக்கும். டீக்கடையில ஒக்காந்திருக்கவனெல்லாம், "ஏலே, பின்னால யாரும் வரலைலே, மெதுவாப் போ"ன்னு கத்துவான். மதுரப் பக்கம் ஒரு கிளப்புக்காரங்க வருசத்துக்கு ஒருக்கா கிராஸ் கண்ட்ரின்னு ஒண்ணு வைப்பாங்க. தார் ரோட்டுல கெடையாது, கண்மாக்கரை, வண்டிப்பாதை, பொட்டல்னு முப்பது கிலோமீட்டர். மொத வருசம் நான் போனேன், பாதிக்கு மேல கெண்டக்கால் இழுத்துக்கிச்சு, வரப்புல ஒக்காந்துட்டேன். கடைசியா வந்த ஒரு தாடிக்காரரு எனக்குத் தண்ணி குடுத்துட்டு அவரு பாட்டுக்கு ஓடிப்போனாரு. அடுத்த வருசம் எப்படியும் முடிச்சிரணும்னு எனக்கு ஒரு வெறி. அதனால ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை திருச்சுழி ரோட்டுல போயி, பாலத்துக்கிட்ட எறங்கி, காட்டு வழியாச் சுத்தி, திரும்ப ரோட்டுல ஏறி வீட்டுக்கு வருவேன்.

அன்னைக்கும் ஞாயித்துக்கிழமதான், பங்குனி மாசம். எங்க வீட்டுக்காரிக்கு நெறமாசம், தலப்பிரசவம். டாக்டரம்மா இன்னும் பத்து நாளு இருக்குன்னு சொல்லியிருந்தாக. மாமியா மல்லாங்கிணத்துலருந்து மறுநாத்தான் வாராக. வீட்டுல அவ ஒத்தையா இருந்தா, அக்கம்பக்கமும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருச்சு. கதவுகிட்ட நின்னு, "எட்டு மணிக்குள்ள வந்துருவீகளா?"ன்னு கேட்டா. இன்னைக்கு ஓடாட்டி என்னன்னு கேக்கல பாத்தீகளா, அதான் எனக்கு இன்னைக்கும் மனசு அறுக்குது. எட்டுக்கு முன்னாடியே வந்து நிப்பேன்னு சொன்னேன். போயிட்டு வாரேன்னும் சொன்னேன், அப்பெல்லாம் சொல்லுவேன்.

பாலத்துல எறங்கி, கண்மாக்கரை மேல ஓடி, சீமக்கருவேலங்காட்டுக்குள்ள நொழஞ்சேன். அந்த வருசம் மழ பொய்ச்சதால கண்மா வெடிச்சுக் கெடந்துச்சு. ஏழு மணிக்கே வெயிலு சுள்ளுன்னு அடிச்சிருச்சு. தண்ணி கொண்டு போற பழக்கமெல்லாம் நமக்கு ஏது, வழியில எந்த ஊரு வருதோ அங்க கேட்டுக் குடிக்கிறதுதான். ஆனா அதுலதான் ஒரு சிக்கலு இருக்கு. எங்க பக்கம் புது ஊருல தண்ணி கேட்டா மொதல்ல, "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ள?"ன்னு கேப்பாங்க. அப்படிக் கேட்டா என்ன அர்த்தம்னு ஒங்களுக்கும் தெரியும். சொம்பக் கையில குடுக்குறதா, இல்ல தூக்கி ஊத்தணுமான்னு முடிவு பண்ணுறதுக்குத்தான் அந்தக் கேள்வி. எங்கப்பா காலமெல்லாம் அடுத்தவன் காட்டுல கூலிக்குக் களையெடுத்த மனுசன், குனிஞ்சு ரெண்டு கையையும் கூட்டி ஏந்தித்தான் குடிச்சாரு. நான் கூட்ட மாட்டேன்னு ஒரு வைராக்கியம். அதனால நானா ஒரு பதிலு வச்சிருந்தேன். யாரு கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே, "ஒங்க ஊருப் பிள்ளதான்யா"ன்னு சொல்லிருவேன். அவன் யாரு வீடு, எவரு வீடுன்னு யோசிக்கிறதுக்குள்ள நான் குடிச்சிட்டு ஓடிருவேன்.

அன்னைக்குக் காட்டத் தாண்டுனதும் ஒரு சின்ன ஊரு. பேரச் சொல்ல மாட்டேன், ஊரு இன்னும் இருக்கு, நல்ல சனங்க. ஒரு இருபது வீடு, முன்னால காளி கோயிலு. கோயிலுகிட்ட பத்துப் பதினஞ்சு பேரு நிக்கிறாங்க, ஆம்பளையும் பொம்பளையும். கொட்டுக்காரன் ஒருத்தன் கொட்ட மாட்டிக்கிட்டு அடிக்காம நிக்கிறான். யாருக்கோ காத்துக்கிட்டு இருந்தாங்கன்னு இப்பத் தோணுது. அப்ப எனக்குத் தாகம், அதெல்லாம் கண்ணுல படல. இடுப்புல துண்டு கட்டுன ஒரு பெரியவரு, பூசாரி போலருக்கு, கையில வெங்கலச் சொம்பு வச்சிருந்தாரு. தண்ணி குடுங்கய்யான்னு கேட்டேன். அவரு என்னய மேலயும் கீழயும் பாத்துட்டு, அதே கேள்விதான், "யாரு வீட்டுப் பிள்ளப்பா?"

"ஒங்க ஊருப் பிள்ளதான்யா."

அவரு மொகத்துல அப்படி ஒரு நிம்மதி. சொம்ப அப்படியே கையில குடுத்தாரு. குடிச்சேன், அந்த ருசி இன்னும் நாக்குல நிக்குது. குடிச்சிட்டுத் திருப்பிக் குடுக்கும்போது என் வலது கையப் பிடிச்சு, மஞ்சக் கயித்த ரெண்டு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டுட்டாரு. கொட்டுக்காரன் ரெண்டு தட்டுத் தட்டுனான். பெரியவரு, "காப்புக் கட்டியாச்சு, எல்லையத் தாண்டிறாத"ன்னாரு.

இது நம்ம ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிட்டா ஊருக்காரவுக அத அவுக்குற வரைக்கும் எல்லையத் தாண்டி வெளியூரு போகக் கூடாது. நமக்கென்ன, நாம என்ன இந்த ஊரான்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டே ஓடுனேன்.

ஊர விட்டு வெளிய வந்தா ஒரு எல்லக்கல்லு, சுண்ணாம்பு அடிச்சது, பக்கத்துல ரெட்டப்பன. அதத் தாண்டி வண்டிப்பாதையில ஓடுறேன், ஒரு வளைவு வருது, திரும்புனா எதுக்க காளி கோயிலு. அதே பத்துப் பதினஞ்சு பேரு. சரி, கருவேலங்காட்டுல எல்லாப் பாதையும் ஒண்ணு போலத்தான் இருக்கும், மாறிட்டேன்னு நெனச்சேன். திரும்ப ஓடுனேன். இந்தத் தடவ வளைவுல திரும்பாம நேரா போனேன். கோயிலுக்குப் பின்பக்கமா வந்து சேந்தேன். யாரும் சிரிக்கல. ஒருத்தனாச்சும் சிரிச்சிருந்தா, வழி தெரியாத பயன்னு கேலி பேசியிருந்தா, எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க, கோவமும் இல்ல, நம்ம வீட்டுப் பிள்ள வெளிய வெளாண்டுட்டு வருதுன்னு பாப்பாங்கள்ல, அப்படி.

மூணாவது தடவ புத்தியா ஒண்ணு பண்ணுனேன். கரண்டுக் கம்பம் எப்படியும் ரோட்டுக்குத்தான் போகணும்ல. கம்பத்த எண்ணிக்கிட்டே, முள்ளு கிழிக்கிறதப் பாக்காம, அதுக்குக் கீழயே ஓடுனேன். பதினாலாவது கம்பம் கோயிலு வாசல்ல நிக்குது. நாலாவது தடவ கண்மாக்கரையப் பிடிச்சேன். கர வட்டமா இருக்காதுல்ல அண்ணாச்சி, ஒரு முனையில ஏறுனா மறுமுனையிலதான எறங்கணும். எறங்குனேன், கீழ ரெட்டப்பன, எல்லக்கல்லு, அங்கிட்டு அந்தச் சனம்.

அப்பத்தான் என் நெழலப் பாத்தேன். ஓடுறவனுக்கு நெழலு ஒரு கணக்கு, வெயிலு ஏற ஏறச் சுருங்கணும். நாலு தடவ ஓடியும் ஒரு விரக்கட கொறையல. கடிகாரத்தப் பாத்தா ஏழு பத்து. முள்ளு ஓடுது, டிக்கு டிக்குன்னு சத்தமும் கேக்குது, ஆனா பாக்குறப்பெல்லாம் ஏழு பத்து. ஏழு பத்துத்தானேன்னு சந்தோசப்படவும் முடியல, ஏன்னா இப்படியே நின்னா எட்டு மணி வரவே வராது. அவ கதவுகிட்ட நின்னுக்கிட்டே இருப்பா. அவளுக்கு வலி வந்து, ஒத்தையா, ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆளில்லாம, நான் இங்க ஏழு பத்துலயே ஓடிக்கிட்டு இருக்கணும். அழுதுட்டேன், சொல்ல வெக்கம் இல்ல. கயித்தப் பல்லால கடிச்சுப் பாத்தேன். நூலு, வெறும் நூலு அண்ணாச்சி, தறியில நாளைக்கு நூறு அத்துப் போகும், அந்த நூலு அறல.

அஞ்சாவது தடவ எங்கிட்டுப் போனேன்னு தெரியல. கெண்டக்கால் இழுத்துக்கிச்சு, பூட்ஸு அடியில கிழிஞ்சு வெறுங்காலு தரையில படுது. என் காலு சொல்லுச்சு, இருபது கிலோமீட்டருக்கு மேல ஓடிட்டன்னு. ஒடம்புக்கு நேரம் போயிருக்கு, வெயிலுக்குப் போகல. நொண்டிக்கிட்டே போய் அந்தப் பெரியவரு கால்மாட்டுல ஒக்காந்துட்டேன்.

"ஐயா, என்னய விட்டுருங்க. வீட்டுல பொண்டாட்டி நெறமாசமா ஒத்தையா இருக்கா."

அவரு குரலு தணிவா இருந்துச்சு. "நான் எங்கப்பா பிடிச்சு வச்சிருக்கேன்? ஊருப் பிள்ள காப்புக் கட்டிக்கிட்டு எங்க போகும்?"

அப்பத்தான் ஒறச்சது. என்னயக் கட்டுனது கயிறு இல்ல, நான் சொன்ன சொல்லு. அதத் திருப்பி வாங்கணும்னா உண்மையச் சொல்லணும். சொன்னா என்ன ஆகும்? வேத்து ஊரான், அதுலயும் இன்னாரு வீட்டு ஆளு, பொய் சொல்லிக் கோயிலுச் சொம்புல வாய் வச்சுக் குடிச்சிருக்கான். எங்கப்பா காலத்துல இதுக்கு மரத்துல கட்டி வச்சு அடிச்சிருக்காங்க. பெறகு அவ கதவுகிட்ட நின்னது கண்ணுல வந்துச்சு. எந்திரிச்சு நின்னு சத்தமாச் சொன்னேன். என் பேரு, எங்கப்பா பேரு, தாத்தா பேரு, அருப்புக்கோட்டையில நாங்க இருக்கிற தெரு, எங்க ஆளுக இருக்கிற தெருன்னு சொன்னாலே எல்லாருக்கும் வெளங்குற தெரு. "நான் ஒங்க ஊருப் பிள்ள இல்லய்யா. தாகத்துக்குப் பொய் சொல்லிட்டேன்."

அடி விழும்னு நின்னேன். அவரு சொம்ப எடுத்து, குடத்துல முக்கி, நெறயத் தண்ணி எடுத்து என் கையில குடுத்தாரு. அண்ணாந்து குடின்னு சொல்லல. கையிலதான் குடுத்தாரு.

"இத அப்பவே சொல்லியிருந்தாலும் தண்ணி குடுத்திருப்பம்லப்பா"ன்னாரு.

நான் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு விரல்ல முடிச்ச அவுத்துட்டாரு, பூமாலைய உருவுற மாதிரி வந்துருச்சு. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. என் ஆயுசுல எந்த ஊருலயும் பேரச் சொன்ன பெறகு சொம்பு கைக்கு வந்ததில்ல. அவரு யாரு, என்ன, எதுன்னு யோசிக்கல. ரெண்டு கையையும் கூப்புனேன். நம்ம நாக்கு இருக்குல்ல, அதுக்குப் போறேன்னு சொல்லத் தெரியாது. அதுலயும் மரியாதையாச் சொல்லணும்னா நம்ம பக்கம் ஒத்த ஆளா இருந்தாலும் என்ன சொல்லுவோம்?

"சரிங்கய்யா, போயிட்டு வாரோம்"னு சொல்லிட்டு ஓடுனேன்.

எல்லக்கல்லத் தாண்டும்போது பின்னால கொட்டுச் சத்தம் கேட்டுச்சு, ரெண்டு தட்டு. பெரியவரு யாருகிட்டயோ சொல்றாரு, "ரெண்டு பேரு வாராங்களாம்." நான் திரும்பிப் பாக்கல.

அந்த வளைவு திரும்புனா ரோடு. அவ்வளவுதான், பத்து நிமிசம் கூட இல்ல. வந்த பஸ்ஸ மறிச்சு ஏறி வீட்டுக்கு வந்தா மணி எட்டாக அஞ்சு நிமிசம் இருந்துச்சு. அவ கதவுநெலயப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, வேர்த்து ஊத்துது, காலுக்குக் கீழ ஈரம். "சொன்னபடி வந்துட்டீக"ன்னு ஒரு வார்த்த சொன்னா, அதோட மடங்கி ஒக்காந்துட்டா. வாடகைக் காரு பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். மத்தியானம் பொம்பளப்பிள்ள பெறந்துச்சு. கொடி சுத்தியிருந்துச்சாம், இன்னும் அரைமணி நேரம் கழிச்சுக் கொண்டு வந்திருந்தா ரெண்டு உசிரும் தங்கியிருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாக. நான் ஆஸ்பத்திரி வராண்டாவுல பிஞ்ச பூட்ஸோட நின்னேன். எட்டு கிலோமீட்டரு ஓடுன பூட்ஸு அப்படிப் பிய்யாது அண்ணாச்சி, அது புது ஜோடி.

பெறகு நான் விசாரிக்காம இல்ல. எங்க செட்டுக்கு அந்த ஊருலருந்து ஒருத்தன் வேலைக்கு வந்தான். பேச்சுவாக்குல கேட்டேன், பங்குனியில ஒங்க ஊருல காப்புக் கட்டுவீகளான்னு. எங்களுக்கு வைகாசியிலல்ல சாமி கும்புடுன்னான். பூசாரி எப்படி இருப்பாருன்னு கேட்டேன், எங்க சித்தப்பாதான், முப்பது வயசு ஆகுதுன்னான். அதுக்கு மேல கேக்கல. அந்தப் பந்தயத்துக்கும் போகல, ஓட்டத்தையே விட்டுட்டேன். போயிட்டு வாரேங்கிற சொல்லையும் அன்னைக்கு விட்டதுதான். ஏற்கனவே ஒரு இடத்துல சொல்லி வச்சிருக்கேன், இன்னும் போகல. அது தீராம வேற எங்கயும் சொல்ல எனக்கு வாய் வரல.

அன்னைக்குப் பெறந்த பிள்ளதான் மலரு. பதிமூணு முடியப் போகுது. நான் ஓடுனேன்னு கூட அவகிட்ட யாரும் சொன்னதில்ல, ஆனா பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரு வந்து, ஒங்க மக காலு நிக்காம ஓடுது, கிராஸ் கண்ட்ரிக்குப் பழக்குறேன்னு கேட்டாரு. முடியாதுன்னு எதச் சொல்லி மறுப்பேன்? சரின்னுட்டேன். காலைல அவ முன்னால ஓடுவா, நான் பின்னால சைக்கிள்ல போவேன். பாலவனத்தம் ரோட்டுலதான் கூட்டிட்டுப் போவேன், திருச்சுழி ரோட்டுப் பக்கம் விடுறதில்ல. வெளிய கெளம்பும்போது போறேன்னு மட்டும் சொல்லிட்டுப் போகணும்னு சின்னதுலருந்தே பழக்கி வச்சிருக்கேன். அவ அம்மாவுக்குப் பிடிக்காது, ஆனா பிள்ள எம் பேச்சக் கேக்கும். ஒரு நாளு கூட மாத்திச் சொன்னதில்ல.

போன ஞாயித்துக்கிழமை எனக்குக் காய்ச்சல். நீ இன்னைக்கு ஓட வேண்டாம்னு சொன்னேன், பந்தயம் பக்கத்துல வந்துருச்சுப்பான்னு பூட்ஸ மாட்டுனா. எங்க வீட்டுக்காரி, "எட்டு மணிக்குள்ள வந்துரு"ன்னா. நான் பாயில படுத்துக்கெடந்து பாக்குறேன், கதவுகிட்ட போனவ திரும்பிப் பாத்துச் சிரிச்சுட்டு, "சரிம்மா, போயிட்டு வாரோம்"னு சொல்லிட்டு ஓடிட்டா.

சைக்கிள எடுத்துக்கிட்டு விழுந்தடிச்சுப் போனேன், ரோட்டுல எங்கயும் காணல. எட்டாக அஞ்சு நிமிசத்துக்கு வீட்டுக்கு வந்துட்டா, ஒண்ணும் ஆகல. அம்மா தண்ணி நீட்டுனா, வேணாம், தாகமில்லன்னுட்டா. எங்கிட்டு ஓடுனன்னு கேட்டேன், சும்மா இங்கிட்டுத்தான்னா. ஒத்த ஆளு போற, வாரோம்னு ஏன் சொன்னன்னு கேட்டேன். "தெரியலப்பா, வாயில வந்துச்சு"ன்னா.

நீங்க சொல்லுவீக, நம்ம பக்கம் பேச்சே அப்படித்தான, இதுல என்ன இருக்குன்னு. இருக்கலாம் அண்ணாச்சி. நானும் அன்னைக்கு வாயில வந்தத்தான் சொன்னேன்.